மழைக்காலத்தில் நாய் வீட்டுக்குள்ளா, வெளியிலா? கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

அக்டோபர் பிறந்துவிட்டால் கோலாலம்பூரில் மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கறுத்துக்கொண்டு வரும். பினாங்கிலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை விடாது. நாய் வளர்க்கும் நம்மவர் வீடுகளில் அந்த மாதங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: நாயை உள்ளே விடுவதா, போர்ச்சிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவதா? "அதுக்குத்தான் மேலெல்லாம் முடி இருக்கே, என்ன குளிரப் போகுது?" என்று யாராவது ஒருவர் சொல்வார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

அத்துடன் முடியக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் நிழலும் காற்றும் உள்ள போர்ச்சில் நாய் இருக்கலாம், தப்பில்லை. இரவிலும் மழை நேரத்திலும் அது வீட்டுக்குள் இருக்க வேண்டும். உள்ளே விடவே வழியில்லாத வீடு என்றால், வெளியே உலர்ந்த இடம் ஒன்றைச் செய்து கொடுத்தே ஆக வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

நம் ஊரில் குளிர் எங்கிருந்து வருகிறது

இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி பனி கொட்டும் நாடுகளுக்கான அறிவுரை. தண்ணீர் உறையும் குளிரில் எந்த நாயையும் நெடுநேரம் வெளியே விடாதீர்கள், சின்ன நாய்களுக்கு 7 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே சிரமம் தொடங்கிவிடும் என்று எழுதியிருப்பார்கள். அந்த நாடுகளுக்கு அது சரி. கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படியானால் நமக்குக் கவலையே இல்லையா?

இருக்கிறது. ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. அந்தச் சூட்டைக் காப்பது முடிக்கு நடுவே தங்கி நிற்கும் காற்று. முடி நனைந்ததும் அந்தக் காற்று போய்விடும். பிறகு ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். சாரல் காற்று அடித்தால் இன்னும் வேகமாகப் போகும். அடியில் சிமெண்ட் தரை என்றால் வயிற்றுப் பக்கமும் சூடு இறங்கும். அதனால்தான் 24 டிகிரியில் உலர்ந்து படுத்திருக்கும் நாய் நிம்மதியாகத் தூங்குகிறது, அதே 24 டிகிரியில் நனைந்து கிடக்கும் மெலிந்த நாய் விடிய விடிய நடுங்குகிறது.

நடுக்கத்தைவிட நீண்ட தொல்லை, காயாத ஈரம். விரல் இடுக்கில் சிவந்து புண்ணாகும், காதுக்குள் பூஞ்சை பிடித்து நாறும், தோல் அரித்து நாய் தன்னையே கடித்துக்கொள்ளும். வெளியே படுக்கும் நாய்க்குக் கொசுக்கடி அதிகம். இதயப்புழு பரவுவது கொசுவால்தான். மழையில் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) நிரம்பினால் எலிகள் மேலே ஏறி வரும். அவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதைத் தொட்டுப் பராமரிக்கும் நமக்கும் வரலாம்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தையும் மறக்கக் கூடாது. மழை விட்ட மறுநாள் 33 டிகிரி வெயில் அடிக்கும். நாய் தன் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் குறைத்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. குளிருக்காகச் செய்யும் ஏற்பாடு வெயிலில் நாயைப் புழுங்க வைத்துவிடக் கூடாது. நம் ஊரில் நாய்க்கு இடம் அமைக்கும்போது இதுதான் சிக்கலான பகுதி.

முதல் படி: உங்கள் நாய் எந்த வகை என்று பாருங்கள்

சில நாய்களைப் பற்றி விவாதமே வேண்டாம். குட்டிகள் பிறந்த முதல் சில வாரங்களுக்குத் தங்கள் உடல் வெப்பத்தைத் தாங்களே நிலைநிறுத்திக்கொள்ள முடியாது. தாயோடு சேர்த்து உள்ளேதான் இருக்க வேண்டும். மூட்டு வலியுள்ள கிழட்டு நாய், முடி குட்டையான மெலிந்த நாய், நோயிலிருந்து தேறிவரும் நாய், தோல் வியாதிக்காக முடியை மழித்த நாய், இவையும் அப்படியே. பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு நாய்களை உள்ளே வைப்பது குளிருக்காக என்பதைவிட வெயிலுக்காக. ஹஸ்கி வளர்ப்பவர்களுக்கும் அதேதான்: அதற்கு நம் மழை ஒரு பொருட்டே இல்லை, நம் வெயில்தான் எதிரி. அதற்காக அதை மொட்டையடிக்க வேண்டாம். அந்த இரட்டை முடி வெயிலையும் தடுக்கிறது.

மிச்சம் இருப்பது நம் கம்போங் நாய்கள், அதாவது நாட்டு நாய்கள். எவ்வளவு உறுதியான உடம்பு அவற்றுக்கு! அதனாலேயே அவற்றை யாரும் கவனிப்பதில்லை. அதற்கும் இடிக்குப் பயம் உண்டு, அதையும் உண்ணி கடிக்கும், பத்து வயதானால் அதன் இடுப்பும் வலிக்கும்.

இரண்டாம் படி: மழை பெய்யும்போது போர்ச்சில் போய் நில்லுங்கள்

வெயில் நேரத்தில் பார்த்தால் எந்தப் போர்ச்சும் வசதியாகத்தான் தெரியும். நல்ல மழையில் கால் மணி நேரம் அங்கே நின்று பாருங்கள். சாரல் எதுவரை அடிக்கிறது, கூரைத் தண்ணீர் எங்கே கொட்டுகிறது, தரையில் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கவனியுங்கள். நாய் படுக்கும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். கை ஈரமானால் அது படுக்கும் இடம் இல்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) தரைவீடுகளின் பின் சந்துப் பக்கம் நாயைக் கட்டிவைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். லோங்காங்குக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் அதுதான் வீட்டிலேயே மோசமான இடமாக இருக்கும்.

சங்கிலி பற்றி ஒரு வார்த்தை. நாளெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய் சாரலிலிருந்து இரண்டடி தள்ளிப் போகக்கூட முடியாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்புப் பிராணிக்குத் தகுந்த இருப்பிடம் தருவதும் வலி, துன்பம், நோயிலிருந்து காப்பதும் உரிமையாளரின் கடமை. கொடுமைப்படுத்தியதாக நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டுவரை சிறை, இரண்டுமேகூட விதிக்கப்படலாம். சட்டத்துக்குப் பயந்து அவிழ்த்துவிட வேண்டாம். கேட்டைப் பூட்டிவிட்டு, அந்த உயிருக்காக அவிழ்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: உள்ளே விடுமுன் உண்ணியை ஒழியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் ஒரே மாதத்தில் நாயை மறுபடியும் வெளியே தள்ளுகிறார்கள். நம் ஊர் நாய்களில் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழ்க்கையை ஓட்டிவிடக் கூடியது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்மேல் இடாது, கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் போய் இடும். வெள்ளைச் சுவரில் உண்ணி ஏறுவதைப் பார்த்த அம்மா அப்புறம் எப்படி நாயை உள்ளே விடச் சம்மதிப்பார்?

ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது எல்லா கிளினிக்கிலும் உண்டு. நாயின் எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை மாத்திரைகளில் பல வலிப்பைத் தூண்டக் கூடியவை. பூனையும் இருக்கும் வீடு என்றால், நாய்மேல் ஊற்றும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொல்லும் என்பதை மறக்காதீர்கள்.

மாத்திரை கொடுத்த அதே வாரத்தில் நாய் படுத்த துணிகளை வெந்நீரில் துவையுங்கள் அல்லது தூக்கிப் போடுங்கள். கூண்டு, சுவர் ஓரம், பூந்தொட்டியின் அடி, ஒன்றும் விடாமல் சுத்தம் செய்யுங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். வெறும் விரலால் நசுக்க வேண்டாம்.

கறுப்பெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வண்டியில் ஓடித் தேய்ந்த எஞ்சின் எண்ணெயை ஒரு உயிரின் தோலில் பூசுகிறோம்! நாய் அதை நக்கி விழுங்கும். அது நச்சு. தயவுசெய்து செய்யாதீர்கள், செய்பவரைக் கண்டால் சொல்லுங்கள். வேப்பெண்ணெயில் அந்த அளவு கெடுதல் இல்லை, ஆனால் உண்ணிக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

கிளினிக்குக்குப் போன கையோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போடும் மற்றவற்றையும் முடித்துவிடுங்கள். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றிலும் வெறிநாய் நோய் தலைகாட்டியது நினைவிருக்கும். அந்த ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

நான்காம் படி: வீட்டுக்காரர்களோடு பேசுங்கள், இடம் ஒதுக்குங்கள்

நாய் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சாமி மேடை உள்ள வீட்டின் சுத்தம் பற்றிய கவலை அது. அவர்களோடு சண்டை பிடிக்காமல் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். சாமி மேடை இருக்கும் கூடத்துக்கு நாய் போகாது, பின் அடுப்படியும் துணி துவைக்கும் இடமும் அதற்கு, நடுவில் குழந்தைகளுக்குப் போடும் சிறு தடுப்புக் கதவு ஒன்று. "பாட்டி, அது உங்க பக்கம் வராது, நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள். பைரவரின் வாகனம் நாய்தானே என்று அவர்களே சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருந்தால், நாயின் எச்சிலும் ஈர உடம்பும் பட்டால் அவர்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மழை இரவில் நாய் உள்ளே இருப்பது அவர்களுக்கும் நல்லது, குரைப்பும் குறையும். அடுக்குமாடி வீடு என்றால் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) விதியையும் கட்டட நிர்வாகத்தின் விதியையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தரைவீட்டிலும் ஆண்டு உரிமம் எடுத்து வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள்.

ஒதுக்கும் இடத்தில் கரப்பான் மருந்து, எலிப் பாஷாணம், நாப்தலின் உருண்டை எதுவும் நாய்க்கு எட்டக் கூடாது. கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் அதன் மூக்குக்கு நேரே ஏற்ற வேண்டாம்.

ஐந்தாம் படி: உள்ளே இருக்கப் பழக்குங்கள்

வெளியிலேயே வளர்ந்த நாயைத் திடீரென்று உள்ளே அடைத்தால் அது பதறும், கதவைச் சுரண்டும். மழையில்லாத சாயங்காலத்தில் தொடங்குங்கள். ஒரு பாயை அல்லது தாழ்ந்த கான்வாஸ் கட்டிலைப் போட்டு, அதன்மேல் சாப்பாட்டைக் கொடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். தானாக வந்து படுத்தால் மெதுவாகப் பாராட்டுங்கள். சில நாட்களில் கதவை ஒருக்களித்து, பிறகு சாத்தி, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். நீங்கள் சமைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அது அங்கே இருந்தால் சீக்கிரம் பழகும், ஏனென்றால் அதற்கு வேண்டியது நம் கூட்டம்தான்.

விடிந்ததும், சாப்பிட்டதும், படுக்கப் போகுமுன்னும் வெளியே கூட்டிப்போனால் உள்ளே அசுத்தம் செய்வது வெகுவாகக் குறையும். செய்துவிட்டால் அடிக்காதீர்கள், எதற்கு அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது. அமோனியா உள்ள திரவத்தால் துடைத்தால் அந்த வாடை சிறுநீரை நினைவூட்டி அதே இடத்துக்கு மறுபடியும் இழுக்கும். பினாயில் போட்டுத் துடைத்தால், தரை நன்றாகக் காய்ந்தபிறகே நாயை விடுங்கள்.

ஆறாம் படி: நனைந்து வந்தால் காயவையுங்கள்

வாசலிலேயே இரண்டு பழைய துண்டு தொங்கட்டும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முதுகோடு நிறுத்திவிடாமல் வயிறு, அக்குள், விரல் இடுக்கு, காதின் உட்புறம் எல்லாம் துடைக்க வேண்டும். முடி அடர்ந்த நாய்க்கு முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், கையை நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டே காட்டலாம். தெருத் தண்ணீரில் நடந்து வந்திருந்தால் முதலில் பாதத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அப்புறம் உங்கள் கையை.

ஏழாம் படி: வெளியேதான் என்றால், கூண்டைச் சரியாகக் கட்டுங்கள்

சில வீடுகளில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும், சிலருக்கு வாடகை வீட்டு நிபந்தனை. அவர்கள் கூண்டில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

தரை நிலத்திலிருந்து குறைந்தது அரை அடி உயரத்தில் இருக்கட்டும். சாமான் ஏற்றும் மரப்பலகைத் தட்டை அடியில் வைத்தால் வேலை சுலபம். நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். குளிர்நாடுகளில் கூண்டைச் சிறிதாகக் கட்டச் சொல்வார்கள், நாயின் சூடு உள்ளேயே நிற்க. நமக்கு அது ஆகாது. கூரைக்குக் கீழே காற்று போய்வர இடைவெளி விட வேண்டும். அங்கே உள்ளே வைக்கோல் போடச் சொல்வதையும் இங்கே பின்பற்றாதீர்கள். நம் ஈரக் காற்றில் வைக்கோல் பூஞ்சை பிடிக்கும், உண்ணிக்கும் மறைவிடமாகும். பழைய கைலியை மடித்துப் போடுங்கள், மழை நாளில் தினமும் மாற்றுங்கள், மாற்றுக்கு இன்னொன்று உலர்ந்து தயாராக இருக்கட்டும்.

கூரை பின்பக்கம் சரிந்து, முன்னால் நன்றாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெறும் துத்தநாகத் தகடு வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும், மழையில் காதைப் பிளக்கும். அடியில் ஒட்டுப்பலகை ஒன்றை இடைவெளி விட்டு அடித்தால் இரண்டும் குறையும். வாசல் வீட்டுச் சுவரைப் பார்க்கட்டும். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கவிழ்த்துக் கழுவி நிரப்புங்கள். தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும்.

இடியும் தீபாவளி வெடியும்

இவ்வளவு கட்டிக் கொடுத்தாலும் இடி இடிக்கும்போது நாயை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிக்குப் பஞ்சமில்லை. தீபாவளி அக்டோபர், நவம்பரில் வருவதால் மழைக்காலமும் வெடிச்சத்தமும் ஒன்றாகவே சேரும். பயத்தில் கேட்டைத் தாண்டி ஓடித் தொலைந்துபோன நாய்களைத் தேடும் அறிவிப்புகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் வருவதைப் பார்த்து மனம் கனக்கிறது. அன்றைக்கு இருட்டுமுன் நடத்திக் கூட்டிவந்துவிடுங்கள். சன்னலை மூடி, மின்விசிறியை வேகமாக வைத்து, மேசைக்கடியில் ஒளிய இடம் கொடுங்கள். நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் அதன் பயம் கூடிவிடும் என்பது தவறான நம்பிக்கை; தாராளமாகத் தடவிக் கொடுங்கள். மிகவும் பயப்படும் நாய்க்கு மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்து கேட்கலாம், நம் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் கட்டாயம் இருக்கட்டும்.

உள்ளே இருக்கும் குளிர்

நாய் உள்ளே வந்தபிறகு அதற்குக் குளிர் வருவது ஏர்கோனிலிருந்துதான். 18 டிகிரியில் வைத்துவிட்டு நாம் போர்வைக்குள் போய்விடுகிறோம். அது டைல்ஸ்மேல் கிடக்கிறது. 25 டிகிரி வாக்கில் வையுங்கள், தடித்த பாய் போடுங்கள், வேண்டாம் என்றால் எழுந்து போகக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள். கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ கூட்டிப்போவதாக இருந்தால் அங்கே இரவில் 15, 16 டிகிரி வரை இறங்கும். சின்ன நாய்க்கும் கிழட்டு நாய்க்கும் அங்கே ஒரு சட்டை உதவும். நனைந்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

எப்போது கிளினிக்குக்கு ஓட வேண்டும்

வீட்டில் நாய்க்கென்று ஒரு வெப்பமானி வைத்திருங்கள்; வாஸ்லின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதே சரியான அளவு தரும். நனைந்து நடுங்கும் நாயைத் துடைத்து, உலர்ந்த துணியால் சுற்றி, துண்டில் பொதிந்த வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வையுங்கள். வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டாம். 37 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, நடுக்கம் நின்றும் சோர்ந்தே கிடந்தாலோ கிளம்பிவிடுங்கள். 40 டிகிரியைத் தொட்டாலும் அப்படியே.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், மூக்கில் ரத்தம் வந்தால், வயிற்றில் ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து சீக்கிரம் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும் பாரசிட்டமோலைக் கொடுக்கவே கூடாது.

மழை இரவில் தேரைகள் வெளியே வரும். நாய் ஒன்றைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும், தலையை உதறும். தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் பலமுறை துடையுங்கள். தண்ணீர் விட்டால் கன்னப் பக்கமாக, வெளியே வழியும்படி விடுங்கள். தொண்டைக்குள் போகக் கூடாது. தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ கிளினிக்.

வெள்ளம் வந்தால்

2017 நவம்பரில் பினாங்கும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் மூழ்கியதைப் பார்த்தோம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முதல் வேலை சங்கிலியையும் கூண்டையும் திறப்பது. கட்டிப்போட்ட நாயால் நீந்தவும் முடியாது, மாடியேறவும் முடியாது. நிவாரண மையத்தில் நாயைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி இருக்க முடியாது என்பதால், மேட்டுப் பகுதியில் உள்ள சொந்தக்காரர் ஒருவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மூன்று நாள் தீனி, கயிறு, தூக்கிச் செல்லும் பெட்டி, கைப்பேசியில் தடுப்பூசி அட்டையின் படம், இவை போதும்.

வெள்ளநீரில் இறங்கிய நாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அடுத்த இரண்டு வாரம் கவனியுங்கள். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் நிறம் மாறுவது எதுவானாலும் காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி போட்ட நாயையும் இப்படியே கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஊசி எலிக்காய்ச்சல் கிருமியின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. அந்த நாட்களில் அதன் சிறுநீரைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். உங்களுக்கும் காய்ச்சல் வந்தால், வெள்ளநீரில் இறங்கியதையும் வீட்டில் நாய் இருப்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.